அப்பாவோட பெட்டியை மூணா பிரிச்சிடாதீங்க

வணக்கம்மா. உங்க கடுதாசி கிடைச்சுது, கூட அனுப்பின போட்டோவும் பாத்தேன். படிக்கிற மத்தவங்களுக்காக விஷயத்தை சுருக்கமா சொல்லிடறேன். உங்க அப்பா செங்கோட்டைக்குப் பக்கத்துல புளியரையில பொறந்து, சென்னையில ஆர்க்கிடெக்சர் முடிச்சு, 1969ல சிகாகோ போனவர். முப்பது வருஷத்துக்கு மேல அங்க ஆபீஸ் ஆபீஸா மாறி வரைஞ்சு சம்பாதிச்சு, ஊர்ல தங்கச்சிங்களை கட்டிக்கொடுத்து, உங்களையும் அண்ணனையும் படிக்கவச்சு, அதுக்கு நடுவுல விடாம கவிதை எழுதிட்டே இருந்தவர். 2006ல அம்மாவோட செங்கோட்டைக்கே திரும்பி வந்துட்டார், போன ஐப்பசியில தவறிட்டார். இப்ப மச்சுல மூணு ட்ரங்க் பெட்டியும் ஒரு கட்டு ரோலும் இருக்கு. டிராயிங்கை திருவனந்தபுரத்துல ஒரு காலேஜ் கேக்குது, கவிதையை வருஷ திவசத்துக்குள்ள புத்தகமா போட்டுடலாம்னு அப்பாவோட ஃப்ரெண்ட் சொல்றார், லெட்டரும் போட்டோவும் வீட்டை விட்டு போகக்கூடாதுன்னு அம்மா சொல்றாங்க, சிகாகோ வீட்டு கராஜ்ல மிச்சம் இருக்கறதை அண்ணன் காலி பண்ணப்போறார். எதை யாருக்கு கொடுக்கறது, அப்பா வாழ்க்கையை நானே எழுத முடியுமான்னு கேட்டிருக்கீங்க.

பழைய காகிதம், ஓலை, வரைபடம் இதெல்லாம் கெடாம பாதுகாக்கறதுதான் என் தொழில், நாகர்கோவில்லயும் திருவனந்தபுரத்துலயும்தான் பாதி வாழ்க்கை. அதனால நேரா பதிலுக்கு வர்றேன். இப்போதைக்கு யாருக்கும் எதையும் கொடுக்காதீங்க. காலேஜுக்கு டிராயிங், பப்ளிஷருக்கு கவிதை, வீட்டுக்கு லெட்டர்னு மூணா பிரிச்சிட்டீங்கன்னா அப்புறம் உங்க அப்பாவை எந்த இடத்துலயும் முழுசா பாக்க முடியாது.

ஏன் சொல்றேன்னா நீங்க அனுப்பின மூணாவது போட்டோவை பாருங்க. மஞ்ச ட்ரேசிங் பேப்பர், ஆர்க்கிடெக்ட் எல்லாரும் ரஃப்பா யோசிக்க கிழிச்சு கிழிச்சு போட்டு வரையற சல்லிசான பேப்பர் அது. முன்பக்கம் ஒரு படிக்கட்டோட செக்ஷன், அதாவது குறுக்க வெட்டிப் பாத்த மாதிரி படம், படி உயரம் 7 இன்ச், மிதிக்கிற அகலம் 11 இன்ச்னு பென்சில்ல எழுதி அடிச்சு திருத்தியிருக்கார். அதே தாளோட பின்பக்கம் எட்டு வரி கவிதை, அதுல கடைசி ரெண்டு வரியை மூணு விதமா எழுதிப் பாத்திருக்கார். ஓரத்துல உங்க பேரும் "4.15 பல் டாக்டர்"னும் இருக்கு. சொல்லுங்க, இந்த தாளு எந்த குவியலுக்கு போகும்? டிராயிங்குன்னு காலேஜுக்கு போனா அங்க இருக்கற பசங்க படிக்கட்டை பாப்பாங்க, பின்னாடி தமிழ்ல என்ன எழுதியிருக்குன்னு யாரும் திருப்பிப் பாக்க மாட்டாங்க. கவிதைன்னு டைப் அடிச்சுட்டா படிக்கட்டு போச்சு, பல் டாக்டர் போயே போச்சு. ஆபீஸ்ல மதியம் உக்காந்து ஒரு படியோட உயரத்தை யோசிச்சுட்டு இருந்த மனுஷன், நாலே காலுக்கு பொண்ணை கூட்டிட்டு போகணும்னு ஞாபகம் வச்சுக்கிட்டு, அதுக்கு இடையில ரெண்டு வரிக்காக மல்லுக்கட்டியிருக்கார், இந்த ஒரு தாள்ல மொத்த ஆளும் இருக்கார். உங்க அப்பா வாழ்க்கையை எழுத முடியுமான்னு கேட்டீங்களே, இதுலேர்ந்து ஆரம்பிச்சாலே போதும்.

முதல் வேலை எண் போடறது. பெட்டியைத் தொறந்து "இது டிராயிங், இது கவிதை"ன்னு பிரிச்சு அடுக்க கை பரபரக்கும், அதை பண்ணாதீங்க. அவர் எந்த வரிசையில வச்சுட்டு போனாரோ அதே வரிசை இருக்கட்டும். ஒரு ஆபீஸ் பில்லுக்கு நடுவுல ஒரு ஏரோகிராம் (மடிச்சு ஒட்டி அனுப்பற வெளிநாட்டு லெட்டர்) செருகியிருந்தா அதுக்கும் காரணம் இருக்கும். முதல் பெட்டி, அதுல ரெண்டாவது கட்டு, அதுல ஏழாவது தாள்னா 1-2-7, அவ்வளவுதான். மெத்துனு இருக்கற 2பி பென்சில்ல பின்பக்க ஓரத்துல சின்னதா எழுதுங்க, பேனா வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். எழுத இடமில்லாத தாளுக்கு நல்ல வெள்ளைத்தாள் உறை போட்டு அது மேல எழுதிக்கலாம். எண் போட்டு போட்டோ எடுத்து முடிச்சிட்டா அப்புறம் தாளு எங்க போனாலும் பரவாயில்ல, எது எதோட இருந்ததுன்னு உங்க கையில இருக்கும்.

டிராயிங்கை படிக்கத் தெரியாதுன்னு எழுதியிருந்தீங்க. நீங்க படிக்கவேண்டியது வலது கீழ் மூலையில இருக்கற கட்டம் மட்டும்தான். ஆபீஸ் பேரு, ப்ராஜெக்ட் பேரு, தேதி, ஸ்கேல், அப்புறம் "டிரான்" (வரைஞ்சது யாரு), "செக்ட்" (சரிபாத்தது யாரு)னு ரெண்டு சின்ன கட்டத்துல ரெண்டெழுத்து இனிஷியல். இந்த இனிஷியல்லதான் ஒரு ஆர்க்கிடெக்டோட உத்தியோக சரித்திரமே இருக்கு. சிகாகோல ஜான் ஹான்காக், சியர்ஸ் டவர்ங்கற வானுயர கட்டடங்க எழும்பின காலத்துல போய் இறங்கினவர் அப்பா. ஊர்ல டிகிரி இருந்தாலும் அங்க அந்தந்த மாநிலத்து லைசென்ஸ் இல்லாம ஆர்க்கிடெக்டுன்னு போட்டுக்க முடியாது, அமெரிக்காவுலேயே முதல்ல 1897ல அந்த சட்டம் கொண்டுவந்ததே இல்லினாய்தான். அதனால ஆரம்பத்துல அவரோட எழுத்து "டிரான்" கட்டத்துல மட்டும்தான் இருக்கும், வேற யாரோ செக் பண்ணியிருப்பாங்க. ஏதோ ஒரு குறிப்பிட்ட வருஷத்துலேர்ந்து அவர் எழுத்து "செக்ட்" கட்டத்துக்கு ஏறும். அதுக்கு அப்புறம் ஒரு நாள் அவரோட சொந்த பேரு போட்ட முத்திரை தாள்ல விழும், அதுதான் லைசென்ஸ் வந்ததுக்கு சாட்சி. அந்த மூணு தேதியையும் எழுதி வச்சுக்கிட்டு அதே மாசத்துல எழுதின கவிதையை எடுத்துப் பாருங்க. ஆபீஸ்ல வேற ஒருத்தர் சீல் போட்ட தாளுக்கு ராப்பகலா வரைஞ்ச வருஷங்கள்ல அவர் நோட்டுல என்ன எழுதினார்ங்கறது உங்களை விட யாருக்கும் முக்கியம் இல்ல.

அவர் போன காலத்தையும் நீங்க புரிஞ்சுக்கணும். 1965 அக்டோபர்ல அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்து போட்ட புது குடியேற்ற சட்டம் 1968 ஜூலையிலதான் முழுசா நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி இந்தியாவுக்கு வருஷத்துக்கு வெறும் 100 பேருன்னு கோட்டா. புது சட்டத்துல தொழில் படிச்சவங்களுக்கு தனியா ஒரு வரிசை வச்சாங்க, டாக்டர், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் எல்லாம் அதுலதான் போனாங்க. 1969ங்கறது கதவு தொறந்த சூட்டோட போன முதல் கூட்டம். அவரோட பழைய பாஸ்போர்ட் இருந்தா கடைசிப் பக்கங்களை பாருங்க, எவ்வளவு ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் கொடுத்தாங்கன்னு பேங்க் முத்திரை இருக்கும். ஒரு ஆள் எவ்வளவு காசோட அங்க இறங்கினார்ங்கறதுக்கு அதைவிட ஆதாரம் வேண்டியதில்ல.

இன்னொண்ணு, ரோல்கள்ல ஒரு ரெண்டு வருஷம் மட்டும் எதுவுமே இல்லைன்னு குழம்பாதீங்க. 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் 1975 வரைக்கும் அமெரிக்காவுல கட்டட வேலை படுத்துடுச்சு, ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல எல்லாம் கூட்டமா ஆளைக் குறைச்சாங்க, கடைசியா வந்தவங்கதான் முதல்ல வெளிய போனது. உங்க அண்ணன் பொறந்தது 1974ன்னு எழுதியிருக்கீங்க. அந்த நேரத்து டிராயிங் இல்லைன்னா அம்மாகிட்ட மெதுவா கேளுங்க. அந்த காலத்து ஏரோகிராம்ல ஊருக்கு அனுப்பின பணத்தோட கணக்கு எப்படி இருக்குன்னும் பாருங்க. வேலை போனதை ஊருக்கு எழுதாம, அனுப்பற பணத்தை மட்டும் குறைக்காம சமாளிச்ச அப்பாக்களை நான் காகிதத்துல நிறைய பாத்திருக்கேன். உங்க அப்பாவும் அப்படித்தான்னு நான் சொல்லல, தேதியை ஒட்டிப் பாத்தா உங்களுக்கே தெரியும்.

அதுக்குத்தான் சொல்றேன், பெரிய நோட்டு ஒண்ணு வாங்கி வருஷத்துக்கு ரெண்டு பக்கம் ஒதுக்குங்க. அந்த வருஷம் என்ன வரைஞ்சார், என்ன எழுதினார், வீட்டுல என்ன நடந்துது, மூணும் ஒரே பக்கத்துல வரணும். எழுத்தாளர் ஆகணும்னு அவசியமே இல்ல, அந்த நோட்டு நிறைஞ்சா பாதி புத்தகம் ஆயிடும்.

இப்ப காகிதத்தோட உடம்புக்கு வர்றேன், இது அவசரம். செங்கோட்டையில ஆனியிலேர்ந்து சாரல், ஐப்பசி கார்த்திகைக்கு அடைமழை, வருஷத்துல பாதி நாள் காத்துல ஈரம்தான். ஓட்டு வீட்டு மச்சுல ட்ரங்க் பெட்டி இருக்கவே கூடாது, வெயில்ல வேகும், மழையில வேர்க்கும். கீழ இறக்கி, வெளிச்சுவரை ஒட்டாத ஒரு உள் ரூம்ல, தரையிலேர்ந்து ஒரு சாண் உயரத்துக்கு பலகை போட்டு வைங்க. பூஞ்சை வாடை அடிச்சா வெயில்ல காயப்போட்டுடாதீங்க, நம்ம ஊர்ல எல்லாரும் பண்றது அதுதான், ட்ரேசிங் பேப்பர் ஒரே மத்தியானத்துல அப்பளம் மாதிரி நொறுங்கிடும். நிழல்ல ஃபேன் காத்து போதும், ஃபேனும் நேரா தாள் மேல வேண்டாம், மூக்குக்கு மாஸ்க் கட்டிக்கங்க. தண்ணி தொட்டு துடைக்கறதும் கூடாது, ட்ரேசிங் பேப்பர் ஈரத்தை குடிச்சு அலை அலையா மடிஞ்சிடும், அப்புறம் என்ன பண்ணாலும் சரியாகாது.

ரோலை பலவந்தமா விரிக்காதீங்க. மேசையில சுத்தமான பருத்தித் துணி விரிச்சு, ஒரு முனையில மணல் பையை துணியில சுத்தி பாரம் வச்சு, கொஞ்சம் கொஞ்சமா சில நாள் எடுத்து விரிக்கணும். இஸ்திரி பெட்டி வைக்கறது, லேமினேஷன் பண்றது, கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டறது மூணும் வேண்டாம். துருப்பிடிச்ச கிளிப்பும் ரப்பர் பேண்டும் இருந்தா மெதுவா எடுத்துடுங்க. ஓலைச்சுவடிக்கு புல்தைலம் தடவறதை எங்கயோ பாத்துட்டு காகிதத்துக்கும் தடவினவங்களை எனக்கு தெரியும், எண்ணெய்க்கறை போகவே போகாது. அந்துருண்டையையும் பெட்டிக்குள்ள தாளோட போடாதீங்க.

உங்க கட்டுல நீலம் ரெண்டு வகை இருக்கும். தாளே நீலமா வெள்ளைக் கோடு இருந்தா அது பழைய ப்ளூபிரின்ட். வெள்ளைத் தாள்ல நீலக் கோடோ ஊதாக் கோடோ இருந்து லேசா அமோனியா நெடி அடிச்சா அது டையசோ பிரிண்ட், அப்பா காலத்துது பெரும்பாலும் இதுதான். டையசோ பக்கத்துல இருக்கற தாளையும் கறையாக்கும், வெளிச்சத்துல மங்கும், அதை மட்டும் தனி உறையில வைங்க, எண் மாறாம. எண்தான் வரிசையை காப்பாத்தும், பொருள் தனியா இருந்தாலும் பரவாயில்ல. கடையில கிடைக்கற பளபள பிவிசி ஃபோல்டர்ல எதையும் போடாதீங்க, ஜெராக்ஸ் எழுத்தெல்லாம் அதுல ஒட்டிக்கிட்டு வந்துடும்.

போட்டோ எடுக்க பெரிய கேமரா தேவையில்ல. காலையில திண்ணையில நேர் வெயில் படாத வெளிச்சத்துல, தாளை தட்டையா வச்சு, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு, போனை மேலேர்ந்து நேரா பிடிச்சு எடுங்க. ரெண்டு பக்கமும் எடுங்க, காலியா தெரிஞ்சாலும் எடுங்க. கீழ் மூலை கட்டத்தை தனியா கிட்டத்துல ஒண்ணு. கையெழுத்து நோட்டுகளை மட்டும் அப்புறமா 400 டிபிஐல நல்லா ஸ்கேன் பண்ணிக்கலாம், ஆனா தாளை உள்ள இழுத்துக்கற பெரிய ஸ்கேனர்ல நொறுங்கற ட்ரேசிங்கை கொடுத்துடாதீங்க. மொத்தம் மூணு காப்பி, ஒண்ணு அண்ணன் வீட்டுல இருக்கட்டும்.

பொறந்த தேதி குழப்பம்னு எழுதியிருந்தீங்க, பாஸ்போர்ட்ல ஒண்ணு, வீட்டுல இருக்கற ஜாதகத்துல 1115 மிதுனம்னு ஒண்ணு. நம்ம பார்டர் ஊர்க்காரங்களுக்கு இது எல்லாருக்கும் உள்ளதுதான். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம், கணக்கெல்லாம் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருஷக் கணக்கு. மிதுனம்னா, அதாவது நம்ம ஆனி மாசம்னா, 825ஐ கூட்டணும், அப்ப 1940 ஜூன் பாதியிலேர்ந்து ஜூலை பாதிக்குள்ள. ஆவணியிலேர்ந்து டிசம்பர் வரைக்கும் உள்ள தேதின்னா 824. ஸ்கூல்ல சேக்கறப்ப வயசை மாத்தி எழுதறது அப்ப சகஜம், பாஸ்போர்ட் அதைத்தான் புடிச்சுக்கும். நீங்க ரெண்டையும் எழுதிடுங்க, ஒண்ணை அழிக்க வேண்டாம். பழைய பத்திரமும் ரிக்கார்டும் மலையாளத்துல இருந்தா படிக்கத் தெரிஞ்சவங்க புனலூர் பக்கம் சொந்தத்துல யாராவது இருப்பாங்க, உக்காந்து படிக்கச் சொல்லி ரெக்கார்ட் பண்ணிக்கங்க. பதினாறு வயசு வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்து, வீட்டை விட்டு நகராமலே வேற மாநிலத்துக்காரர் ஆகி, அப்புறம் கடல் தாண்டினவரோட கவிதையில எல்லைங்கற விஷயம் எப்படி வருதுன்னு பாக்கணும்னு எனக்கே ஆசையா இருக்கு.

ஃபிளாப்பி டப்பா ஒண்ணு இருக்குன்னு போட்டோவுல தெரியுது. 90கள்ல ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் எல்லாம் கம்ப்யூட்டர்ல வரையற ஆட்டோகேடுக்கு மாறிடுச்சு, கையெழுத்தே இல்லாம போன காலம் அது, அதனால அந்த வருஷத்து கவிதைகளும் பெரும்பாலும் ஃபிளாப்பியில இருக்கும். தொறந்தா இங்கிலீஷ் எழுத்து கன்னாபின்னான்னு வரும், கெட்டுப்போச்சுன்னு அழிச்சுடாதீங்க. இப்ப எல்லாரும் தமிழ் அடிக்கற யூனிகோடு முறைக்கு முன்னாடி மயிலை, டிஸ்கின்னு வேற வேற முறையில தமிழ் அடிச்சாங்க, அதையெல்லாம் மாத்தற கன்வெர்ட்டர் இருக்கு. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒண்ணு வாங்கி முதல்ல அப்படியே காப்பி எடுத்துடுங்க, ஃபிளாப்பிக்கு ஆயுசு குறைவு.

அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை. நாலு பக்க லெட்டர்ல அம்மா ஒரே வரியிலதான் வர்றாங்க. அப்பா குடும்பத்துக்காக வாழ்ந்தவர்னு எழுதறீங்க, அந்த குடும்பத்தை பனியில நின்னு நடத்தினது அவங்களும்தானே. கவிதை எழுத ராத்திரி ரெண்டு மணி நேரம் அவருக்கு கிடைச்சதுன்னா அந்த நேரத்துல குழந்தைங்களை தூங்கவச்சது யாரு? போட்டோ ஆல்பத்தை அவங்க மடியில வச்சு, போனை ரெக்கார்டுல போட்டு, "இது எந்த வீடும்மா, வாடகை எவ்வளவு, அப்பா எங்க உக்காந்து எழுதுவார்"னு கேளுங்க. பெரிய கேள்வி வேண்டாம், சின்ன கேள்விக்குத்தான் பெரிய பதில் வரும். இதை பெட்டியை விட முன்னாடி பண்ணுங்க, அவங்களுக்கு 78 வயசு.

நீங்க இருக்கற வீட்டையும் மறந்துடாதீங்க. 1981ல அப்பா சிகாகோலேர்ந்து வரைஞ்சு தபால்ல அனுப்பி, இங்க பெரியப்பா நின்னு கட்டினதுன்னு சொல்லியிருக்கீங்க. அந்த பிளான் கட்டுல இருந்தா டேப் எடுத்து வீட்டை அளந்து பாருங்க. அப்பா அடி இன்ச்சுல எழுதியிருப்பார், நம்ம பக்கத்து ஆசாரி கோல்ல, விரல்ல கணக்கு பாத்திருப்பார், எங்க மாறியிருக்கோ அங்க ஒரு கதை இருக்கும். சாரலுக்கு தாழ்வாரத்தை எவ்வளவு வெளிய இழுத்திருக்கார்னு முக்கியமா பாருங்க. அங்க வரைஞ்ச ஆஸ்பத்திரியும் பேங்கும் எல்லாம் ஆபீஸோட வேலை, அவர் மனசுக்கு வரைஞ்சது ஒருவேளை இந்த ஒரு வீடாத்தான் இருக்கும்.

உரிமை விஷயம் சுருக்கமா சொல்றேன். உயில் இல்லைன்னா கவிதைக்கு அம்மா, அண்ணன், நீங்க மூணு பேரும் சேர்ந்த உரிமைக்காரங்க, இந்திய சட்டப்படி அவர் இறந்த மறு வருஷத்துலேர்ந்து 60 வருஷம். யாரு பதிப்பிச்சாலும் மூணு பேர் கையெழுத்தும் வேணும், எழுத்துல ஒப்பந்தம் வேணும். சம்பளத்துக்கு வரைஞ்ச டிராயிங்குக்கு காப்பிரைட் பொதுவா அந்த ஆபீஸுக்குத்தான், தாள் உங்ககிட்ட இருக்கலாம், ஆனா அச்சடிக்கறதுக்கு முன்னாடி கேக்கணும். தனி ஆளுங்க வீட்டு பிளானையும் பேங்க் பிளானையும் நெட்ல போட்டுடாதீங்க, அதுல இன்னும் ஆளுங்க இருக்காங்க.

வருஷ திவசத்துக்கு புத்தகம் வேண்டாம்மா. அந்த ஃப்ரெண்டோட அன்பு புரியுது, ஆனா நாலு மாசத்துல நோட்டு முழுக்க டைப் அடிச்சா எது முடிச்ச கவிதை, எது பாதியில விட்டதுன்னு யாருக்கும் தெரியாம போகும். அன்னைக்கு பத்து கவிதை, பக்கத்துலயே அந்த தாளோட படம், சின்ன கையேடு போட்டு சொந்தக்காரங்களுக்கு கொடுங்க, போதும். சிகாகோ தமிழ்ச் சங்கம் 1969லேயே ஆரம்பிச்சது, அவங்க பழைய விழா மலர்கள்ல அப்பா கவிதை வந்திருக்கான்னு அண்ணனை விசாரிக்கச் சொல்லுங்க. அச்சுல வந்தது எதுன்னு தெரிஞ்சா அவரே முடிஞ்சுதுன்னு நினைச்சது எதுன்னும் தெரியும்.

காலேஜுக்கு இப்ப நல்ல ஸ்கேன் கொடுக்கலாம், அசலை அப்புறம் யோசிக்கலாம். அமெரிக்காவுக்குப் போன நம்ம நாட்டு ஆளுங்களோட காகிதத்தை வாங்கி டிஜிட்டல் பண்ணிட்டு அசலை குடும்பத்துக்கே திருப்பித் தர்ற சாடான்னு ஒரு ஆவணக்காப்பகம் 2008ல ஆரம்பிச்சு இப்ப ஃபிலடெல்ஃபியாவுலேர்ந்து நடக்குது, உங்களுக்கு ஏத்தது அதுதான்னு எனக்கு தோணுது, அண்ணனே பேசிடலாம். அச்சான மலரு, புத்தகம் ரெண்டு காப்பி இருந்தா ஒண்ணை சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கு கொடுங்க.

அண்ணனுக்கு இன்னைக்கே போன் போடுங்க. கராஜ்ல இருக்கற எதையும் தூக்கிப் போட வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம், முதல்ல அலமாரி அலமாரியா அப்படியே போட்டோ எடுக்கட்டும். டிராயிங் போர்டு, டி-ஸ்கொயர், மேசை எல்லாம் போனாலும் போகட்டும், படம் இருந்தா போதும். காகிதம், கேசட், ஃபிளாப்பி மட்டும் பெட்டியில போட்டு பனி வர்றதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள மாத்திடச் சொல்லுங்க. ட்ரேசிங் ரோலை மடிக்காம அட்டை குழாயில போடணும், கப்பல்ல அனுப்ப வேண்டாம், அடுத்த தடவை வரும்போது கையோட கொண்டுவரட்டும். நீங்க முதல் பெட்டிக்கு எண் போட்டு முடிச்சதும் எழுதுங்க, பூஞ்சை பிடிச்ச தாள் இருந்தா அதை நான் நேர்ல பாத்தாதான் சொல்ல முடியும்.